மண்ணுக்குள் ஓர் ஆப்பிளா?

உருளைக்கிழங்கைக் காட்டி, "இது மண்ணில் விளையும் ஆப்பிள்" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? எஸ்பெராண்டோ மொழி அப்படித்தான் சொல்கிறது. அம்மொழியில் உருளைக்கிழங்கின் பெயர் 'டெர்போமோ'. 'டெரோ' என்றால் மண். 'போமோ' என்றால் ஆப்பிள்.

எஸ்பெராண்டோ தானாக வளர்ந்த மொழியன்று. அந்நாளில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த வார்சா நகரில், சாமென்ஹாஃப் என்னும் கண் மருத்துவர் 1887இல் வெளியிட்ட செயற்கை மொழி அது. எந்நாட்டவரும் எளிதில் கற்கக்கூடிய பொதுமொழி ஒன்றைத் தர வேண்டும் என்பதே அவர் நோக்கம். இலக்கணம் முழுவதையும் 16 விதிகளில் அடக்கினார். அவற்றுள் 11ஆவது விதி, கூட்டுச்சொல்லில் முதன்மைச் சொல் இறுதியில் வரும் என்கிறது. ஆவி, கப்பல் என்னும் பொருளுடைய இரு சொற்கள் சேர்ந்த 'வபோர்ஷிப்போ' நீராவிக்கப்பலைக் குறிக்கும். அது ஒருவகைக் கப்பல்தான், பொருத்தமான பெயர்.

அப்படியானால் டெர்போமோ ஒருவகை ஆப்பிளாக அல்லவா இருக்க வேண்டும்? ஆப்பிள் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. உருளைக்கிழங்கு கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிள் கனி, உருளைக்கிழங்கோ நிலத்தடியில் பருத்த தண்டு. அதன் 'கண்கள்' எல்லாம் மொட்டுகளே.

இப்பெயரின் வேர் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பிறந்த இச்செடியை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். புதிய பொருளுக்குத் தாம் அறிந்த பொருளின் பெயரையே பிரெஞ்சுக்காரர்கள் சூட்டினர்: 'மண் ஆப்பிள்'. டச்சுக்காரர்களும் அவ்வாறே அழைக்கின்றனர். மக்கள் பேச்சில் வளர்ந்த மொழியில் இது குற்றமன்று.

"பெயர் வேறு, வரையறை வேறு" என்று நீங்கள் வாதிடலாம். உண்மைதான். 'ஆக்சிஜன்' என்றால் அமிலத்தை ஆக்குவது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று லவாய்சியர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் லவாய்சியர் அறியாமல் தவறினார். சாமென்ஹாஃபின் காலத்திலோ உருளைக்கிழங்கு ஆப்பிளன்று என்பது எல்லோரும் அறிந்த செய்தி. பிரெஞ்சு அறிந்தவர் டெர்போமோவை உடனே புரிந்துகொள்வார். இரு வேர்ச்சொற்களையும் விதியையும் ஒழுங்காகப் படித்த வேறு நாட்டு மாணவரோ தவறான பொருளைத்தான் அடைவார். பொதுமொழி என்னும் நோக்கம் இங்கே சறுக்குகிறது. நம் 'உருளைக்கிழங்கு' கிழங்கு என்றே முடிந்து, வடிவத்தையும் சொல்லிவிடுகிறது.

நாளை நீங்களும் ஒரு கலைச்சொல்லை ஆக்க நேரலாம். அப்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: சொல்லின் பகுதிகளை மட்டும் அறிந்தவர் சரியான பொருளுக்கு வந்து சேர்வாரா?