தோற்றாலும் லாபம், வென்றாலும் வெளியே

டோக்கியோ ஒலிம்பிக் பேட்மிண்டனில் ஆண்கள் இரட்டையர் தங்கத்தை வென்றது சீன தைபேயின் லீ யாங் – வாங் சி-லின் ஜோடி. அந்தப் போட்டி முழுவதிலும் அவர்களைத் தோற்கடித்தது ஒரே ஒரு ஜோடிதான். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி – சிராக் ஷெட்டி. 2021 ஜூலை 24 அன்று 21-16, 16-21, 27-25 என்று மூச்சைப் பிடித்து வென்றார்கள். அப்படி வென்றவர்கள் கால்இறுதியைக்கூடப் பார்க்கவில்லை. மூன்று குழு ஆட்டங்களில் இரண்டில் ஜெயித்தும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

கணக்கு இதுதான். ஒரு குழுவில் நான்கு ஜோடிகள், முதல் இரண்டு ஜோடிகளுக்குக் கால்இறுதி. நம்மவர்கள் தைபேயை வென்றார்கள். தைபே, இந்தோனேசியாவின் கிடியோன் – சுகமுல்ஜோ ஜோடியை வென்றது. அந்த இந்தோனேசியர்கள் நம்மவர்களை வென்றிருந்தார்கள். இங்கிலாந்து ஜோடி எல்லோரிடமும் தோற்றது. ஆக, மூன்று ஜோடிகளுக்கும் இரண்டிரண்டு வெற்றி. யார் யாரை வென்றார்கள் என்று பார்த்தால் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. ஆகவே கேம்களை எண்ணினார்கள். இந்தோனேசியா 5 கேம் ஜெயித்து 2 இழந்திருந்தது, தைபே 5-3, இந்தியா 4-3. இந்தியா வெளியே. தைபே ஜோடி கடைசி ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் தோற்றிருந்தால் இந்தியா உள்ளே போயிருக்கும், பின்னாளில் தங்கம் வென்றவர்கள் குழுச் சுற்றோடு ஊர் திரும்பியிருப்பார்கள். தாங்கள் ஆடாத ஓர் ஆட்டத்தின் முடிவில் சாத்விக்கும் சிராக்கும் வெளியேறினார்கள்.

ஐ.பி.எல். கடைசி வாரத்தில் நெட் ரன் ரேட் கணக்குப் போடாத டீக்கடை நம் ஊரில் இல்லை என்பதால் இது நமக்குப் புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே ஓர் அணிக்குப் பதினான்கு லீக் ஆட்டங்கள். இங்கே மூன்றுதான். பதினான்கில் ஒரு சறுக்கல் கரைந்துபோகும், மூன்றில் ஒரு கேம் போனாலே தலையெழுத்து மாறிவிடும்.

குழுச் சுற்று ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் அதைத் திட்டுவது நியாயமாகாது. 1992 பார்சிலோனாவில் பேட்மிண்டன் பதக்க விளையாட்டாக ஒலிம்பிக்கில் நுழைந்தது முதல் 2008 பெய்ஜிங் வரை நேரடி நாக்-அவுட்தான். தோற்றால் வீடு. ஆல் இங்கிலாந்தும் உலக சாம்பியன்ஷிப்பும் இன்றுவரை அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் ஆல் இங்கிலாந்தில் முதல் சுற்றில் தோற்றவருக்கு அடுத்த வாரம் வேறொரு போட்டி காத்திருக்கும். ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. பேட்மிண்டன் வேரூன்றாத நாடுகளிலிருந்து தகுதிப் புள்ளிகளைத் துரத்திக் கண்டம் கண்டமாக அலைந்து வரும் ஓர் ஆட்டக்காரர், முதல் நாளிலேயே சீனத்து முன்னணி வீரரிடம் அரை மணி நேரத்தில் தோற்றுக் கிளம்புவது அந்த விளையாட்டுக்கும் நல்லதல்ல. குறைந்தது இரண்டு ஆட்டமாவது எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் 2012 லண்டனில் குழுச் சுற்றைக் கொண்டுவந்தார்கள்.

நோக்கம் வீண்போகவில்லை. 2016 ரியோவில் பிரேசிலின் சார்பில் ஆடியவர்கள் இகோர் கொயெல்யோ, லொஹெய்னி விசென்டே. இருவரும் ரியோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் இகோரின் தந்தை நடத்திவந்த பயிற்சிக் கூடத்தில் ஷட்டில் பழகியவர்கள். ஒலிம்பிக் பேட்மிண்டனில் பிரேசில் ஆடியது அதுவே முதல் தடவை. லொஹெய்னியின் குழுவில் சாய்னா நேவால் இருந்தார். 21-17, 21-17 என்று சாய்னா வென்றார். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் உலகின் முன்னணி வீராங்கனையிடம் இரண்டு கேமிலும் பதினேழு புள்ளி எடுத்த அந்தப் பெண்ணுக்கு நாக்-அவுட் முறையில் அத்தோடு ஒலிம்பிக் முடிந்திருக்கும். குழுச் சுற்று இருந்ததால் இன்னோர் ஆட்டமும் ஆடினார். பதக்கப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனாலும் ஒரு நாட்டில் ஒரு விளையாட்டு வேர்விட இப்படிப்பட்ட கூடுதல் ஆட்டங்கள் தேவை என்றே நினைக்கிறேன்.

அதே ரியோவில் அதே சாய்னா, அதே குழுவில், உக்ரைனின் மரியா உலிட்டினாவிடம் 18-21, 19-21 என்று தோற்று வெளியேறினார். முழங்கால் காயத்தோடு ஆடினார் என்பது பிறகு தெரிந்தது. ஒற்றையர் பிரிவில் குழுவுக்கு ஒருவர்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம், எனவே ஒரு தோல்வியே போதும். கொடுமையாகத் தோன்றினாலும் அதில் சூதுக்கு இடமில்லை. தோற்றால் யாருக்கும் எந்த லாபமும் கிடையாது.

இரட்டையரில் இரண்டாம் இடத்துக்கும் கதவு திறந்திருந்தது. லண்டனில் கோளாறு நுழைந்தது அந்த வழியாகத்தான்.

2012 ஜூலை 31, வெம்ப்ளி அரினா. பெண்கள் இரட்டையர் குழுச் சுற்றின் கடைசி நாள். சீனாவின் இரண்டாவது ஜோடியான தியான் சிங் – ஜாவ் யுன்லெய், டென்மார்க் ஜோடியிடம் எதிர்பாராமல் தோற்றுத் தங்கள் குழுவில் இரண்டாவதாக முடித்திருந்தது. இதனால் அட்டவணை புரண்டது. உலகின் முதல்நிலை ஜோடியான வாங் சியாவ்லி – யூ யாங் தங்கள் குழுவில் முதலிடம் பிடித்தால், சொந்த நாட்டு ஜோடியை அரையிறுதியிலேயே சந்திக்க நேரும். இரண்டாவதாக முடித்தால் இறுதியில்தான் சந்திப்பு, தங்கமும் வெள்ளியும் சீனாவுக்கு. அவர்களுக்குத் தென்கொரியாவின் ஜுங் க்யுங்-யூன் – கிம் ஹா-நா ஜோடியுடன் கடைசி ஆட்டம். ஆடவந்த இரு ஜோடிகளும் ஏற்கெனவே கால்இறுதிக்குத் தகுதி பெற்றிருந்தன.

கொரியர்களுக்கும் ஜெயிக்கும் ஆசை இல்லை. சர்வ் நேராக வலைக்குப் போனது. சர்வ் வலையைத் தாண்டினால், திருப்பி அடித்த ஷட்டில் கோட்டுக்கு வெளியே போனது. முதல் கேமில் மிக நீண்ட ராலி நான்கு அடி. பள்ளி மைதானத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடினாலே அதைத் தாண்டும். அரங்கம் கூச்சலிட்டது. போட்டியின் தலைமை நடுவர் டார்ஸ்டன் பெர்க் களத்துக்குள் வந்து எச்சரித்தார். கொரியர்கள் 21-14, 21-11 என்று 'வென்றார்கள்'.

நாடகத்தின் அடுத்த பாதி இன்னும் விசித்திரம். சீன ஜோடி இரண்டாவதாக முடித்துவிட்டதால், வேறொரு குழுவில் முதலிடம் பிடிப்பவர்களுக்குக் கால்இறுதியில் அந்தச் சீன ஜோடியே எதிரி. அந்தக் குழுவில் இருந்த தென்கொரியாவின் ஹா ஜுங்-யூன் – கிம் மின்-ஜுங், இந்தோனேசியாவின் கிரேசியா பொலி – மெய்லியானா ஜவுஹாரி ஆகிய இரு ஜோடிகளும் தங்களுக்குள் மோதியபோது அதே வேலையைத் தொடங்கின. பெர்க் கறுப்பு அட்டையைக் காட்டினார், பிறகு முறையிட்டதும் திரும்பப் பெற்றார். மறுநாள் நான்கு ஜோடிகளையும் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு தகுதிநீக்கம் செய்தது. வெற்றிக்காக முழு முயற்சி எடுக்கவில்லை, விளையாட்டுக்குக் கேடு விளைவித்தார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். கொரியாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது, இந்தோனேசியா தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. குழுவில் மூன்றாவது, நான்காவது இடத்தில் இருந்தவர்கள் கால்இறுதிக்கு உயர்த்தப்பட்டார்கள். அப்படி உள்ளே வந்த ரஷ்ய ஜோடி வெண்கலம் வென்றது. தங்கம் தியான் சிங் – ஜாவ் யுன்லெய் ஜோடிக்கே.

எட்டுப் பெண்களின் பெயர்களும் உலகச் செய்தியாயின. அட்டவணையை எழுதியவர்களின் பெயர் எதுவும் செய்தியாகவில்லை. தோற்பவருக்குப் பரிசு வைத்துவிட்டு, அந்தப் பரிசை எடுக்கக் கை நீட்டியவரைத் தண்டிப்பது பாதி நீதிதான். காசு கொடுத்து வந்த ரசிகர்களை ஏமாற்றியது தவறு, அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் பதக்கம் வெல்லத்தான் நாடு அனுப்புகிறது, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கத்தான் வீராங்கனை பழக்கப்பட்டிருக்கிறார், விதியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. சீன அணியின் தலைமைப் பயிற்சியாளர் லீ யோங்போ பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது ஆடியவர்கள் மட்டும்தான்.

கால்பந்து இந்தப் பாடத்தை 1982-லேயே படித்தது. ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு கோலோடு சமாதானமாகி அல்ஜீரியாவை வெளியேற்றின. அதன் பிறகு குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். பேட்மிண்டனுக்கு அந்த மருந்து முழுதாக உதவாது. வெம்ப்ளியில் சீன ஜோடி கணக்குப் பார்த்தது தன் குழுவை அல்ல, அடுத்த குழுவை. ஒலிம்பிக் அரங்கில் இருக்கும் மூன்று நான்கு ஆடுகளங்களில் எல்லாக் குழுக்களையும் ஒரே நேரத்தில் ஆடவைக்கவும் முடியாது.

அதே லண்டனில் நமக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஜுவாலா கட்டா – அஸ்வினி பொன்னப்பா ஜோடி மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றது. ஜப்பானும் தைபேயும் அதேபோல் இரண்டிரண்டு. கேம் கணக்கில் இந்தியாவும் ஜப்பானும் சமம், புள்ளி வித்தியாசத்தில் ஒரே ஒரு புள்ளி குறைந்து இந்தியா வெளியேறியது. ஜப்பான் ஜோடி கடைசி ஆட்டத்தில் தைபேயிடம் நேர் கேம்களில் தோற்றது குறித்து இந்தியத் தரப்பு புகார் கொடுத்தது, அது ஏற்கப்படவில்லை. ஜப்பானியர்கள் மேல் எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை, அந்த ஜோடி பிறகு வெள்ளியும் வென்றது. இந்த முறையின் பெரிய கேடாக எனக்குத் தோன்றுவது இதுதான். நான்கு ஜோடி வேண்டுமென்றே தோற்ற ஒரு போட்டியில், ஐந்தாவது ஜோடி நேர்மையாகத் தோற்றாலும் நம்ப ஆள் இல்லை.

ரியோவுக்கு முன் விதியைத் திருத்தினார்கள். குழுச் சுற்று முடிந்த பிறகு, இரண்டாம் இடத்தில் வந்த ஜோடிகளை மீண்டும் சீட்டுப் போட்டு எதிராளிகளோடு சேர்ப்பது. இன்னார்தான் எதிரே வருவார் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், தோற்பதில் என்ன லாபம்? திருத்தம் எளிமையானது, பலித்தும் இருக்கிறது. வெம்ப்ளி போன்ற காட்சி பிறகு நடக்கவில்லை. ஆனால் சூழ்ச்சி இருந்த இடத்தில் அதிர்ஷ்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2024 பாரிஸில் சாத்விக் – சிராக் தங்கள் குழுவில் ஆடிய எல்லா ஆட்டங்களையும் வென்று முதலிடம் பிடித்தார்கள். இந்தோனேசியாவின் ஃபஜர் அல்ஃபியான் – ரியான் அர்டியான்டோவை 21-13, 21-13 என்று துவைத்தெடுத்தார்கள். சீட்டில் வந்து சேர்ந்தது மலேசியாவின் ஆரோன் சியா – சோ வூய் யிக், 2022 உலக சாம்பியன்கள். முதல் கேமை வென்றும் 21-13, 14-21, 16-21 என்று ஆட்டம் போயிற்று. குழுவில் முதலிடம் பிடித்ததற்குக் கிடைத்த சலுகை என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அதே குழுவில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஜெர்மானிய ஜோடி காயத்தால் விலகியதால் அவர்களோடு நடக்கவிருந்த ஆட்டம் இல்லாமலே போயிற்று. பிரான்ஸ் ஜோடி இரண்டிலும் தோற்றதால், இந்தியாவும் இந்தோனேசியாவும் ஒருவரை ஒருவர் சந்திக்கும் முன்பே கால்இறுதி உறுதி. ஒற்றையரில் லக்‌ஷயா சென் கௌதமாலாவின் கெவின் கோர்டோனை 21-8, 22-20 என்று வென்ற பிறகு, கோர்டோன் முழங்கை வலியால் விலகினார். லக்‌ஷயாவின் வெற்றி பதிவிலிருந்தே அழிக்கப்பட்டது. நம் ஊரில் பலர் கொதித்தார்கள். விதியின் தர்க்கம் என்னவோ சரிதான். மற்ற இருவருக்கு ஆடாமலே வெற்றி கிடைத்து லக்‌ஷயா மட்டும் வியர்வை சிந்தியிருந்தால் கணக்கு கோணும், அதனால் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார்கள். ஆனால் ஆடி முடித்த ஆட்டத்தை ஆடவே இல்லை என்று சொல்வதை எந்த ரசிகரிடமும் விளக்க முடியாது. லக்‌ஷயா அடுத்து பெல்ஜியத்தின் ஜூலியன் கராகியையும், பிறகு ஜோனதன் கிறிஸ்டியை 21-18, 21-12 என்றும் வென்று முன்னேறியதால் இந்தக் கேள்வி அமுங்கிப்போனது.

இந்தக் கோர்டோன்தான் குழுச் சுற்றுக்கு ஆதரவான நல்ல சாட்சியும். டோக்கியோவில் ஹாங்காங்கின் முன்னணி வீரரை வீழ்த்திக் குழுவில் முதலிடம் பிடித்து, அரையிறுதி வரை போனவர் அவர். உலகின் முதல்நிலை வீரர் கென்டோ மொமோட்டாவை ஹியோ க்வாங்-ஹீ குழுச் சுற்றிலேயே அனுப்பிவைத்ததும் அங்கேதான். இரண்டும் குழுவுக்கு ஒருவர் என்ற ஒற்றையர் பிரிவில் நடந்தவை.

பழையபடி நாக்-அவுட்டுக்கே திரும்பிவிடலாமே என்பவர்களுக்கு ஏதென்ஸ் 2004 பதில் சொல்லும். பெண்கள் ஒற்றையர் அரையிறுதியில் சீனாவின் ஜாங் நிங்கும் ஜோ மியும் மோதினார்கள். ஜோ மியை விட்டுக்கொடுக்கச் சொன்னதாக லீ யோங்போ பின்னர் ஒப்புக்கொண்டார். அது சுத்தமான நாக்-அவுட். ஒரே நாட்டவர் இருவர் எங்கே மோதினாலும் இந்த ஆபத்து உண்டு, குழுச் சுற்றை எடுத்துவிட்டால் போய்விடும் என்பது நப்பாசை.

எனக்கு ஒற்றையர் முறையே சரியாகப் படுகிறது. குழுவுக்கு மூவர் அல்லது நால்வர், முன்னேறுபவர் ஒருவர். இரட்டையரில் அதைச் செய்ய முடியாமல் இருப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. பதினாறு ஜோடிகளை நான்கு குழுவாகப் பிரித்தால், முதலிடத்தவர் மட்டும் போவது நேரே அரையிறுதியில் முடியும், கால்இறுதியே இருக்காது. இருபத்துநான்கு ஜோடிகளை எட்டுக் குழுவாக்கினால் எட்டு முதலிடத்தவரும் நேராகக் கால்இறுதிக்குப் போகலாம். மூன்று ஜோடிக் குழுவிலும் வட்டக் கணக்கு வரலாம், ஆனால் தோற்பதால் லாபம் என்ற நிலை வராது. இதற்குக் கூடுதலாகத் தேவை பிரிவுக்கு எட்டு ஜோடி, மூன்று இரட்டையர் பிரிவுக்குமாக நாற்பத்தெட்டு ஆட்டக்காரர்கள். பேட்மிண்டனுக்கு ஒலிம்பிக்கில் ஒதுக்கப்பட்டிருப்பது 172 இடங்கள். அதை உயர்த்தும்படி சர்வதேச ஒலிம்பிக் குழுவிடம் கேட்க வேண்டும், அல்லது ஒற்றையர் இடங்களைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வழியை எடுத்தால் முதலில் அடிபடுபவர்கள் லொஹெய்னியும் கோர்டோனும் வந்தது போன்ற நாடுகளின் ஆட்டக்காரர்களே.