மரவையும் அரக்கும்: பர்மியப் பேழைகளின் அணிநலம்

செட்டிநாட்டு மனைகளில் மரவை என வழங்கும் பர்மியப் பேழைகளை ‘அரக்குப் பெட்டி’ என்று எழுதுவார் பலர். இப்பெயர் பொருந்தாது என்பதும், இதனால் அப்பேழைகளின் அணிநலமே பிறழ உணரப்படுகின்றது என்பதும் ஈண்டு ஆராயப்பெறும்.

அரக்கென்பது மரக்கொம்புகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின், வெப்பத்தால் உருகுவது, தீப்பற்றுவது. பாரதத்துள் பாண்டவரை அழிக்க எடுத்த அரக்கு மாளிகையின் கதை இவ்வியல்பின்மேலேயே நிற்கின்றது. எம் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைவோர், சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் உருகி அது மரத்திற் படியும். பர்மியர் கையாளும் ‘தித்சி’யோ ஒருவகை மரத்தைக் கீறி வடிக்கும் பால். அது ஈரக்காற்றில் இறுகும், இறுகியபின் உருகாது. ஆதலின், மூங்கிற் சிம்புகளாலும், நேர்த்தியானவற்றிற் குதிரைமயிர் சேர்த்துப் பின்னியும் அமைத்த கூட்டின்மேல் அதனைப் பூசி, நிலவறையில் நாட்கணக்கில் வைத்து உலர்த்துவர். தேய்த்து மீண்டும் பூசுவர். ஒரு பேழை முடியத் திங்கள் பல ஆகும்.

மரவை என்னும் பெயரிலும் ஒரு தடை எழலாம். புறக்காழ் உடையனவற்றைப் புல்லென வகுத்த தொல்காப்பியர் நெறியில் மூங்கில் மரமாகாது. எனினும் பூச்சு மரத்தின் பாலாகலின், அரக்கென்பதினும் மரவை என்பதே உண்மைக்கு அணித்து.

இனி அணிநலம். பாகன் நகர் இக்கலைக்குப் பெயர்பெற்றது. 1924-இல் அங்கு இதற்கெனப் பயிற்சிப்பள்ளி நிறுவப்பட்டது. பொன்தாள் ஒட்டும் முறையும், சாம்பலைப் பாலிற் பிசைந்து புடைப்புருவம் சமைக்கும் முறையும் உள. ஆயினும் வெற்றிலைப் பேழைகளிற் பெரிதும் காண்பது ‘யூன்’ என்னும் கீறல்முறையே. கரிய பரப்பில் எழுத்தாணி போன்ற கருவியாற் கோடு கீறி, ஒரு வண்ணத்தைத் தேய்த்து நிரப்பி, மிகுதியைத் துடைத்துப் பிசினால் மூடி, அதன்பின்னரே அடுத்த வண்ணத்திற்குக் கீறுவர். கீறிய கோட்டை அழித்தல் அரிது. ஓலையில் எழுதியோர் மரபில் வந்த நமக்கு இந்நிலை நன்கு விளங்கும்.

இவ்வேலைப்பாட்டைப் ‘பூவேலை’ என ஒருசொல்லாற் கடந்துவிடுதல் குறையுடைத்து. பல பேழைகளில் வரைந்திருப்பவை சாதகக் கதைகள். வளைந்த பரப்பிற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. ஒரே மாந்தன் அடுத்தடுத்த காட்சிகளில் மீண்டும் மீண்டும் வருவான். இடையே நிற்கும் மரமோ மதிலோ காட்சியைப் பிரிக்கும். விளிம்பிற் பர்மிய எழுத்தில் காட்சியின் பெயரோ, செய்தவர் பெயரோ, உரியவர்க்கு வாழ்த்தோ பொறித்தலும் உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத் தொகுப்பை ஆராய்ந்த ரால்ஃபு ஐசக்சு இவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் கண்டமை நம்மனோர்க்கு நல்ல வழிகாட்டு. ஆகவே இவை கலமாதலோடு ஏடுமாம்.

மற்றொன்று. இப்பேழையின் மூடி அடிவரை இறங்கி உடலை முழுதும் மறைக்கும். உள்ளே இலை வைக்கும் குழிவும், அதன்மேற் பாக்கும் சுண்ணாம்பும் பிறவும் வைக்கும் தட்டுகளும் அமைந்திருக்கும். மூடியின் ஓவியம் வழிப்போக்கனுக்கும் தெரியும். உடலின் ஓவியமும் தட்டுகளின் ஓவியமும் வெற்றிலை பெறும் விருந்தினர்க்கே தெரியும். உள்ளுறை என்னும் சொல்லை இங்கு ஆளத் தோன்றும். இலக்கணச் சொல்லை இவ்வாறு நெகிழ்த்தல் எமக்கு உடன்பாடன்று. நம் வெற்றிலைச் செல்லத்தின் பயனே இப்பேழைக்கும் உரியதாகலின், நகரத்தார் இதனைத் தம் மனைக்குக் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

1852-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் ஐராவதிக் கழிமுகத்தில் நெல்விளைவு பெருகியபோது நகரத்தார் வட்டித்தொழிலும் அங்கே பெருகிற்று. 1942-இற் சப்பானியர் படையெடுப்பாலும், 1960-களில் நாட்டுடைமையாக்கத்தாலும் அது முறிந்தது. தேக்கும் மரவையும் இங்கே எஞ்சின. மனைகள் பங்கிடப்பட்டபோது மரவைகள் கடைக்கு வந்தன.

காரைக்குடிப் பழம்பொருட்கடை ஒன்றில் யாம் கண்ட பேழையில் மூடியும் உடலும் இருந்தன, தட்டுகள் இல்லை. மூடியில் யானைமேல் ஒருவன் புறப்படுகின்றான்; உடலில் அவனே காட்டில் நடந்து செல்கின்றான். கதை தட்டுகளில் தொடர்ந்திருக்கலாம் என எண்ணி வினவினோம். அவை பழம் வைக்க ஏற்றவை என்று தனித்தனியே விற்றுப்போயின என்றார் கடைக்காரர். பெயர்ச்சீட்டில் ‘அரக்குப் பெட்டி, பூவேலை’ என்றிருந்தது.