மலடாக்கியது யார்?

கோழிக் கருவை மலடாக்கும் ஆய்வுகளை வாசிக்கும்போது நான் தேடுவது எழுவாயை.

செய்முறை இதுதான். ரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படும் புசல்ஃபான் மருந்தை முட்டைக்குள் செலுத்துகிறார்கள். பின்னாளில் கருமுட்டையாகவோ விந்தாகவோ மாறவேண்டிய ஆதிச் செல்களை அது அழிக்கிறது. அளவு கூடினால் குஞ்சே பொரிக்காது. பிறகு கருவின் ரத்தத்தில் வேறோர் இனத்தின் செல்களை ஏற்றினால், வளர்ந்த கோழி அந்த இனத்தின் முட்டையை இடும். 2019இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் மருந்துக்குப் பதில் மரபணுவை மாற்றி இதைச் செய்துகாட்டினார்கள்.

அரிய இனங்களைக் காப்பது நோக்கம், தேவையும் உண்மையானது. கோழி முட்டையை உறையவைத்துச் சேமிக்க முடியாது. பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாய். உறைந்த விந்தில் பெண்ணுக்குரிய குரோமோசோம் இருக்காது.

என் சிக்கல் மொழியோடு. இக்கட்டுரைகளில் அந்தக் கோழி 'மலட்டு வாடகைத்தாய்'. மலடு அதன் இயல்பு போல ஒலிக்கிறது. பாடநூல்களில் கருமுட்டை செயலற்றுக் காத்திருப்பதாகவும் விந்தணு வீரனாகவும் எழுதப்படுவதை எமிலி மார்ட்டின் 1991இல் காட்டினார். இங்கே கோழி காத்திருக்கவில்லை, காலியாக இருக்கிறது. காலிசெய்தவர் வாக்கியத்தில் இல்லை.

நம் ஊரும் இப்படித்தான் பேசுகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குமுன் புசல்ஃபான் பெறும் பெண்ணின் சூலகம் செயலிழக்கக்கூடும். ஊர் மருந்தைச் சொல்லாது, 'மலடி' என்று அவளைச் சொல்லும்.

இன்னொரு எழுவாயும் காணாமல்போகிறது. மதுரையைச் சுற்றிய உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து வீடுகளில் சிறுவிடைக் கோழிகளை வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள். தண்ணீரில் மிதக்கும் முட்டையை ஒதுக்கி, கரித்துண்டும் வரமிளகாயும் இரும்புத்துண்டும் போட்டு அடைவைப்பவர்கள். எந்தக் கோழியை அடையில் உட்காரவிடுவது, எந்தச் சேவலைக் குழம்புக்கு அனுப்புவது என்று தலைமுறைகளாக அவர்கள் எடுத்த முடிவுகளும் சேர்ந்ததுதான் இந்த இனம். ஆய்வுமொழியில் அது 'மரபணு வளம்'. மழைக்குத் தானாக முளைத்ததுபோல.

அறிவியல் மாணவிகள் இவற்றைத் தமிழில் எழுதப்போகிறீர்கள். 'மலட்டுக் கோழி' என்று எழுதாதீர்கள். 'ஆய்வகம் மலடாக்கிய கோழி' என்று எழுதுங்கள். 'மரபணு வளம்' என்று வரும் இடத்தில் 'பெண்கள் வளர்த்தெடுத்த இனம்' என்று எழுதுங்கள். வாக்கியம் சற்று நீளும். அதற்குள் செய்தவர் வந்துவிடுவார். பொறுப்பும் பங்கும் கேட்க ஓர் ஆள் கிடைப்பார்.