பீடத்தை விட்டு இறங்கியவர்

பாதிரியார் எழுதிய ஏடா? நமக்கு அதில் என்ன வேலை? என்று கேட்கும் இளைஞர் உண்டு. அங்கியைப் பார்த்து ஏட்டை எடைபோடுவது, நெற்றிக் குறியைப் பார்த்து அறிவை எடைபோடுவதைவிட எவ்வகையில் உயர்ந்தது, தோழர்களே? எட்வர்டு எகிள்ஸ்டனை எடுத்துக்கொள்வோம்.

1837-ல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஒகையோ ஆற்றங்கரைச் சிற்றூரொன்றில் பிறந்தார். புதினம் படிப்பதையே ஐயத்தோடு நோக்கிய மெதடிஸ்டு ஒழுக்கத்தில் வளர்ந்தார். இருபது வயது நிரம்புமுன் ஊழியராகி, குதிரையேறி ஊர் ஊராகச் சென்று உபதேசித்தார். உடல் நலிந்தது. மின்னசோட்டாவில் சில காலம் பணியாற்றிய பின், சிக்காகோவிலும் நியூயார்க்கிலும் பத்திரிகைப் பணி ஏற்றார். 1871-ல் தாம் நடத்திய வார ஏட்டில் 'ஹூசியர் பள்ளி ஆசிரியர்' என்னும் புதினத்தைத் தொடராகத் தீட்டினார்.

தம்பி ஜார்ஜ், நாட்டுப்புறப் பள்ளியில் ஆசிரியராகப் பெற்ற அனுபவமே கதைக்கு வித்து. அந்நாளில் அமெரிக்க இலக்கியம் என்றால் நியூ இங்கிலாந்துதான். மேற்கத்திக் காட்டூர் உழவனுக்கு அதில் இடமில்லை. எகிள்ஸ்டன் அவனை அழைத்து வந்தார். அவன் பேச்சைத் திருத்தாமல், அவன் வாயிலிருந்து வந்தபடியே அச்சேற்றினார். அதுவே அவர் செய்த இலக்கியப் புரட்சி.

கதையில் எழுத்துக்கூட்டும் போட்டி நடக்கிறது. ஊர் கூடியிருக்கிறது. ஆசிரியன் ரால்ஃபையே வென்று நிற்பவள் யார்? ஒப்பந்தத்தால் கட்டுண்டு பிறர் வீட்டில் பாடுபடும் பணிப்பெண் ஹான்னா! அவள் தம்பி, சிறுவன் ஷாக்கி. தாயோ ஏழையர் விடுதியில். கடவுள் தன்னை மறந்துவிட்டாரே என்று அச்சிறுவன் கதறுகிறான். போதகராக வாழ்ந்த ஒருவர் அக்கதறலை மறைக்காமல் எழுதினார் என்பதை நாம் மறைக்கலாமா?

குறையும் உண்டு. தாயும் சேயும் மீள்வது நல்லவர் சிலரின் இரக்கத்தால். கொடியவன் அகப்படுவது, கூட்டாளி அஞ்சி நடுங்கி உண்மையைக் கக்குவதால். ஏழையர் விடுதி கொடியது என்று காட்டிய பேனா, ஏழைமை எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கண்ணீர் இருக்கிறது, காரணம் இல்லை. புதினத்தின் பலமும் பலவீனமும் அங்கேயே.

ஆனால், அவர் அங்கே நின்றுவிடவில்லை. 1872-ல் வந்த 'உலகத்தின் முடிவு' என்ற கதையில், 1843-ல் உலகம் அழியும் என நம்பிய மில்லர் கூட்டத்தாரின் மனமயக்கத்தைப் படம்பிடித்தார். 1874-ல் புரூக்ளினில், விசுவாசப் பிரமாணம் எதையும் வற்புறுத்தாத சபையை நடத்த முற்பட்டார். 1879-ல் அப்பீடத்தையும் விட்டிறங்கி, வரலாற்று ஆராய்ச்சியில் மூழ்கினார்.

1900-ல் வெளிவந்த அவருடைய வரலாற்று நூல், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர் கப்பலில் எதைக் கொண்டுவந்தனர் என்று கேட்கிறது. மூட்டை முடிச்சு மட்டுமா? சூனிய அச்சத்தையும், மருத்துவம் என்ற பெயரில் வழங்கிய மடமையையும் கூடத்தான்! நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வரப்படுவது என்பதை அந்நூல் விளக்குகிறது. அதே ஆண்டில் அமெரிக்க வரலாற்றுக் கழகத் தலைவராக அவர் எழுதிய உரை, போரையும் அரசியலையும் மட்டுமே பேசும் வரலாறு போதாது, மக்களின் வாழ்வே வரலாறு என வாதிட்டது. 1902-ல் மறைந்தார்.

புதினத்தில் கேட்காத 'ஏன்' என்ற கேள்வியை, ஏழைமையைப் பற்றி அல்லவாயினும், மக்களின் எண்ணங்களைப் பற்றி முதுமையில் கேட்டார். மீதிக் கேள்வியைக் கேட்பது படிப்பவர் கடமை. அங்கியைக் கண்டு ஏட்டை மூடுவோருக்கு அந்தக் கேள்வி கிட்டாது, தோழர்களே!