குர்பெத்: காதற் பாட்டுக்கள் கற்றுத் தந்த சொல்

காதற் பாட்டைக் கேட்டு ஒரு மொழியைப் படிக்கலாம் என்றால் எம்மிற் பலர் சிரிக்கக் கூடும். ஆனால் கிளென் வேவர்லியில், கிங்ஸ்வே தெருச் சாப்பாட்டுக் கடைகளின் குசினிகளில் கோப்பை கழுவும் எங்களிற் சிலருக்குத் துருக்கி மொழி வந்தது அந்த வழியாற்றான். 1967இல் துருக்கியும் அவுஸ்திரேலியாவும் செய்த உடன்படிக்கையின் பின் இங்கு குடியேறியவர்களின் பிள்ளைகள் எங்களுடன் வேலை செய்கிறார்கள். குசினியில் எந்தப் பாட்டுப் போடுவது என்பதைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே.

ஆங்கிலத்துடன் இத்தனை வருடம் மல்லுக்கட்டிய எமக்குத் துருக்கி அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. 'செனி செவியோரும்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'செனி' என்றால் உன்னை, 'செவியோரும்' என்றால் நேசிக்கிறேன். 'நான்' தனியே வரவேண்டியதில்லை; வினையின் வாலிலேயே ஒட்டிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று இதனால் ஆகிவிடாது, கட்டுமானந்தான் ஒத்துப்போகிறது. காதற் பாட்டு இத்தகைய சிறு வாக்கியங்களையே திரும்பத் திரும்பச் சொல்வதால் இலக்கணப் புத்தகத்தை விட விரைவாகக் காதில் ஏறுகிறது.

ஆயினும் வாத்தியார் என்ற வகையில் அதனிடம் ஒரு பெருங்குறை உண்டு. காதற் பாட்டில் இருப்பது இரண்டே பேர். அங்கே எப்போதும் 'சென்', அதாவது நீ. 'சிஸ்' என்கிற நீங்கள் அரிது. பாட்டு மொழியில் ஒரு முதியவருடன் பேசினால் மரியாதை கெடும். கைதேர்ந்த சமையற்காரரை 'உஸ்தா' என்றும் மூத்தவரை அண்ணை என்ற பொருளில் 'ஆபி' என்றும் கூப்பிடப் பழக்கியது அடுப்படிதான். 'ஜானிம்', என் உயிரே, என்பது காதலர்க்கு மட்டுமுரியதல்ல என்பதும் அங்கேதான் தெரியவரும். எங்கள் அம்மாமார் 'ராசா' என்பது போலத் துருக்கித் தாய்மாரும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் குறையையும் மீறி அந்தப் பாட்டுக்கள் எமக்குத் தந்த சொல் 'குர்பெத்'. பிறந்த இடத்தைப் பிரிந்து அந்நிய இடத்தில் கிடக்கும் நிலை அது. கிராமத்தை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போனவருக்கும் ஜேர்மனிக்குப் போனவருக்கும் அது ஒரே சொல்தான். நாட்டார் பாட்டிலும், 1970களில் பரவிய அரபெஸ்க் பாட்டிலும் காதலின் பிரிவோடு கலந்தே அது ஒலிக்கும். அரபெஸ்க்கை மலினம் என்று அரச வானொலி நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. மக்கள் கசெற்றில் கேட்டார்கள்.

எங்களிடம் என்ன சொல் இருக்கிறது? 'புலம்பெயர்வு' சஞ்சிகைச் சொல். 'அகதி' விண்ணப்பப் படிவத்தின் சொல். 'வெளிநாடு' ஊரில் கலியாணம் பேசும்போது வருகிற சொல். நள்ளிரவில் கடைசிச் சட்டியையும் கழுவி வைத்தவரின் வாயில் தானாக வரக்கூடிய சொல் ஒன்று இல்லை. பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணையில் பாடிய மொழிக்கு இந்த வறுமை ஏன்? சங்கத் தலைவன் திரும்பும் பருவத்தைச் சொல்லிப் போனான். நாங்கள் எந்தப் பருவத்தையும் சொல்லிப் புறப்படவில்லை. பழைய பாட்டு எமக்குப் போதாமற் போவது இதனாற்றான்.

சினிமாப் பாட்டென்றாலே முகஞ்சுளிக்கும் எம் விமர்சகர்கள் இதை யோசிக்க வேண்டும். எங்கள் கவிஞர்கள் இந்த நிலைக்கொரு சொல்லைத் தேடட்டும். குசினியில் நின்று முணுமுணுக்கக் கூடியதாகவும் அதை எழுதட்டும்.