மேடைக்கு வராத பையன்

ஜான் பேட்ரிக் ஷான்லியின் 'டவுட்' நாடகத்தில் நான்கே பாத்திரங்கள். எல்லாருடைய பேச்சும் சுற்றிச்சுற்றி வருகிற டொனால்ட் மட்டும் மேடைக்கு வருவதே இல்லை. 2008-இல் ஷான்லியே இயக்கிய படத்தில்தான் அவனுக்கு முகம் கிடைக்கிறது.

1964, நியூயார்க்கின் பிராங்க்ஸ். கத்தோலிக்கப் பள்ளியின் முதல் கறுப்பின மாணவன் அவன். பாதிரியார் ஃபிளின் அவனிடம் தவறாக நடந்தார் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் அலோஷியஸ் சந்தேகப்படுகிறார். ஆதாரம் கிடையாது.

முதல் தடவை பார்த்தப்போ "செஞ்சாரா, இல்லையா?" என்பதையே துரத்திக்கொண்டிருந்தேன். மெரில் ஸ்ட்ரீப்பும் ஹாஃப்மனும் மோத மோத, மாறி மாறிப் பக்கம் சாய்ந்தேன். இரண்டாம் தடவை வயோலா டேவிஸ் காட்சியில் மாட்டிக்கொண்டேன். சந்தேகத்தைக் கேட்ட அம்மா, ஜூன் வரைக்கும்தானே, பையன் படிப்பை முடிக்கட்டும் என்கிறாள். வீட்டில் அப்பாவின் அடி. அன்பாக இருக்கும் ஆண் அந்தப் பாதிரியார்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் ஃபிளின் பதவி உயர்வோடு வேறு இடம் போகிறார். சிஸ்டர் உடைந்து அழுகிறார். உண்மை என்னன்னு படம் சொல்லாதது எனக்குக் குறையில்லை. உறுத்துவது வேறு: சிஸ்டர் ஒருமுறைகூட டொனால்டை உட்கார வைத்துக் கேட்கவில்லை. நானும் முதல் தடவை அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.