யாருடைய செல்போன்?

2018-19 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் வந்தபோது அவற்றில் க்யூஆர் கோடுகளும் வந்தன. செல்போனில் ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா இணையக் கல்வித் தளத்தில் பாடம் தொடர்பான காணொலி திறக்கும். கணக்குப் புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பகுதி ஜியோஜீப்ரா மென்பொருளுக்கு வழிகாட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே பள்ளிக்குள் மாணவர்கள் செல்போன் கொண்டுவரத் தடையும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த க்யூஆர் கோடைப் பிள்ளை எங்கே, யாருடைய செல்போனில் திறக்கும்? பள்ளியில் செல்போன் நல்லதா கெட்டதா என்று ஓயாமல் வாதிடும் நாம் இதைக் கேட்பதே இல்லை.

செல்போனால் பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் ஓர் உச்சியை விரலால் இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் எத்தனை முக்கோணம் வரைந்தாலும் இந்த அசைவைக் காட்ட முடியாது. வகுப்பில் மறுபடி கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, காணொலியைப் பின்னோக்கித் தள்ளி எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பயனைப் பெற விலையுயர்ந்த கருவிகூடத் தேவையில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியோடு பயிற்றுநரின் அழைப்பும் போனது. பிள்ளையோடும் பெற்றோரோடும் சுமார் இருபது நிமிடம் பேசிக் கணக்குப் போடவைத்தார்கள். அழைப்பு சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். வெறும் குறுஞ்செய்தி அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது செல்போன் வழியாக வந்த பயிற்றுநரின் குரல்.

கவனச்சிதறல் என்ற குற்றச்சாட்டும் உண்மையே. மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பிசா ஆய்வின் 2022 சுற்றில், ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளிலுள்ள 15 வயது மாணவர்களில் சராசரியாக 65 விழுக்காட்டினர், சில கணக்கு வகுப்புகளிலாவது மின்னணுக் கருவிகளால் கவனம் சிதறியதாகச் சொன்னார்கள். பிரான்ஸ் 2018இலேயே பள்ளிகளில் செல்போனைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. வகுப்பு நேரத்தில் மாணவரின் சட்டைப்பையில் சொந்த செல்போன் இருக்கக் கூடாது என்பதை நானும் முழுமனதாக ஏற்கிறேன்.

ஆனால் நம் ஊரில் பெரிய பாதிப்பு வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. வீட்டிலிருப்பது ஒரே ஸ்மார்ட்போன்; அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்புகிறது. அதற்குள் டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பார்கள். அங்கும் மகளின் முறை கடைசியில்தான். 26 மாநிலங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் நடந்த 2023 ஏசர் கல்வி ஆய்வு (தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்) இதற்குச் சான்று. ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்த செல்போன் இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடமே இருந்தது. பாடத்தை வீட்டு செல்போனை நம்பி அனுப்பும்போது இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே பள்ளி ஏற்றுக்கொள்கிறது. சீருடையும் புத்தகமும் இலவசமாகக் கொடுத்துச் சமமாக உட்காரவைத்த பிள்ளைகளை ரீசார்ஜ் தொகை மீண்டும் பிரித்துவிடுகிறது.

இதை ஒருமுறை அனுபவித்தும்விட்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் செல்போன் வழிப் பாடம் எட்டாமல் விட்டுப்போன கற்றலை மீட்க அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது.

எனவே என் தீர்ப்பு இதுதான்: கருவி பள்ளிக்குச் சொந்தமானதாக, ஆசிரியர் கையில், வகுப்பு முழுவதும் சேர்ந்து பார்ப்பதாக இருக்கட்டும். க்யூஆர் கோடு வகுப்பறையிலேயே திறக்கப்படட்டும். அதற்கான இணைய வசதியைப் பள்ளிக்குத் தருவது அரசின் கடமை. செல்போன் இல்லாத பிள்ளையால் செய்ய முடியாத எந்த வேலையையும் வீட்டுப்பாடமாகத் தரக் கூடாது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோரே, இவற்றைக் கேட்டு, தீர்மானமாக எழுதவையுங்கள்.